பல்லின் மேல் பழி

வீட்டில் எது கெட்டுப்போனாலும் பழியைச் சுமக்க ஒருவர் இருப்பார். பால் குறைந்தால் பூனை. கண்ணாடி உடைந்தால் வேலைக்காரப் பையன். மகன் பரீட்சையில் தவறினால் அவனுடைய சிநேகிதர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலோ, இந்தப் பதவி இன்னும் வெளியே தலை காட்டாத ஒரு பல்லுக்குக் கிடைத்துவிடுகிறது.

குழந்தை இரவெல்லாம் அழுகிறதா? பல் முளைக்கிறது. உடம்பு சுடுகிறதா? பல். வயிறு இளகிப் போகிறதா? சந்தேகமென்ன, பல்லேதான். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வழவழவென்று இருக்கும். "உள்ளுக்குள்ளே வருது" என்று உடனே பதில் வரும். கண்ணுக்குத் தெரியாத குற்றவாளியின் மேல் வழக்குத் தொடுப்பதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

நாஞ்சில் நாட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகும்போது இந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்கிறாள். வடசேரியானாலும் சரி, சுசீந்திரமானாலும் பூதப்பாண்டியானாலும் சரி, திண்ணையில் இருக்கும் ஆச்சி சொல்வது ஒன்றுதான்: "பல்லு வரப்போவுது மக்கா. வயித்தாலே போவத்தான் செய்யும். நீ பயப்படாதே." பிள்ளையைப் பெற்று இரவில் தூக்கமின்றித் தவிக்கிறவளுக்கு இது எவ்வளவு ஆறுதல்! ஆச்சியின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்ன காரணத்தைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தை நம்பி இரண்டு நாள் சும்மா இருந்துவிட்ட வீடுகளில் சில சமயம் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓட நேருகிறது. ஓடியும் பயனில்லாமற் போவதும் உண்டு.

முதலில் பிரதிவாதியின் யோக்கியதையைப் பார்ப்போம். பால்பற்கள் மொத்தம் இருபது. கீழ்வரிசையின் நடுப்பல் பெரும்பாலும் முதலில் வரும், ஆறாம் மாதத்தையொட்டி. நாலாம் மாதத்திலேயே முளைத்துவிடும் அவசரக்காரர்களும், ஆண்டு நிறைவன்றும் பொக்கை வாயால் சிரிக்கும் நிதானஸ்தர்களும் உண்டு. இருவரைப் பற்றியும் கவலை வேண்டாம். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். ஒன்றரை வயதாகியும் ஒன்றுகூட வராவிட்டால் பல் டாக்டரிடம் காட்டலாம்.

இந்தப் பற்கள் வரும்போது குழந்தைக்கு என்னதான் நேருகிறது? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து டாக்டர்கள் இதை அநுமானமாய்ச் சொல்லாமல், 125 குழந்தைகளின் பெற்றோர்களைத் தினந்தோறும் குறிப்பு எழுதச் சொன்னார்கள். 475 பற்கள் முளைத்த விவரம் சேர்ந்தது. 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். பல் வெளிவருவதற்கு முந்தின நாலு நாள், வெளிவரும் நாள், பிந்தின மூன்று நாள் ஆக எட்டு நாளில்தான் ஏதாவது உண்டென்றால் உண்டு. அந்த நாட்களில் குழந்தை கண்டதைக் கடிக்கிறது, எச்சில் ஒழுக விடுகிறது, ஈற்றைத் தேய்க்கிறது, சிணுங்குகிறது. உடம்பு சற்றே கதகதப்பாகலாம். இருமல், வாந்தி, பேதி, 102 டிகிரிக்கு மேற்பட்ட ஜுரம் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் 21 குழந்தைகளைக் கவனித்து வந்தவர்களுக்கோ, சிணுங்கல் முதலிய சில்லறைத் தொந்தரவுகளுக்குக்கூடப் பல்லோடு பலமான சம்பந்தம் தென்படவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பல்லுக்கு எட்டெட்டு நாள் என்றால் 160 நாள். பற்கள் ஜோடி ஜோடியாய் வருவதால் உண்மையில் இன்னும் குறைவு. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை ஏறக்குறைய 730 நாள் இருக்கின்றன. நம் வீட்டுக் கணக்கிலோ 730 நாளும் பல் முளைக்கும் நாளே! எந்த நோய் வந்தாலும் ஏதாவது ஒரு பல் பக்கத்தில் இருக்கத்தான் செய்யும்.

அப்படியானால் அந்த வயதில் ஏன் இத்தனை நோய்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து குழந்தை பெற்று வந்த நோயெதிர்ப்புச் சக்தி அந்த மாதங்களில்தான் குறைகிறது. பாட்டன் வைத்த சொத்துக் கரைந்து, சொந்தச் சம்பாத்தியம் இன்னும் ஆரம்பிக்காத காலம் அது. அதே சமயத்தில் குழந்தை தவழத் தொடங்குகிறது. செருப்பு முதல் சீப்பு வரை கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது. அதே சமயத்தில்தான் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் ஆரம்பமாகிறது: ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி, கூவைக்கிழங்கு மாவு, நம் ஜில்லாவின் மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மட்டிப்பழம் குழந்தைக்கு உத்தமமான ஆகாரம். ஆனால் அதை மசிக்கிற கை, கிண்ணம், கரண்டி, தண்ணீர் எல்லாம் அவ்வளவு உத்தமமாய் இருப்பதில்லை. கிருமி அந்த வழியாக வருகிறது. பல்லோ, சம்பவம் நடந்த இடத்தில் தற்செயலாய் நின்று அகப்பட்டுக்கொண்டது!

நம் ஆச்சிமார்தான் இப்படி நினைத்தார்கள் என்று எண்ணி, இங்கிலீஷ் படித்த பேரன்மார் சிரிக்க வேண்டாம். நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தாரின் வைத்திய வேலை தொடங்கியது 1838-ல். அதற்கு மறு வருஷம், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் "பல் முளைத்ததால் மரணம்" என்று சர்க்கார் பதிவில் ஏறிய பெயர்கள் 5,016! 1842-ல் லண்டனில் ஒரு வயதுக்குள் இறந்த சிசுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்தும், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இறந்தவற்றில் நூற்றுக்கு ஏழும் பல்லின் கணக்கிலேயே எழுதப்பட்டன. பேதி, நிமோனியா, மூளை ஜுரம் எல்லாம் அந்த ஒரே தலைப்பில் அடங்கிவிட்டன. காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணியதால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை.

சிகிச்சையோ நோயைவிடப் பயங்கரம். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ரண வைத்தியர் ஆம்புருவாஸ் பாரே ஈற்றைக் கத்தியால் கீறிப் பல்லுக்கு வழிவிடச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பிய டாக்டர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். "மிஸஸ் வின்ஸ்லோவின் சாந்தப் பாகு" என்று அமெரிக்காவில் அமோகமாய் விற்ற மருந்தில் இருந்தது மார்பியா. குழந்தை சாந்தமடையாமல் என்ன செய்யும்? சில குழந்தைகள் நிரந்தரமாகவே சாந்தமடைந்தன. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் அபின் உருண்டை கொடுத்துக் குழந்தையைத் தூங்கவிட்டு வேலைக்குப் போன தாய்மாரின் கதையும் இதற்குத் தங்கைதான். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே இங்கிலாந்தில் விற்ற பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. கையும் காலும் சிவந்து உரிந்து, ஓயாமல் அழுது வாடும் ஒரு விசித்திர நோய் அநேக சிசுக்களைப் பீடித்தது. அதற்குப் பாதரசமே காரணம் என்று 1948-ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டு சொன்னார்கள். 1954-ல் பொடியிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள், நோயும் போய்விட்டது.

நம் வீட்டு அலமாரியில் நெடுங்காலமாய் இடம் பிடித்திருக்கும் கிரைப் வாட்டர், 1851-ல் நாட்டிங்ஹாம் நகரத்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு கொஞ்சம் சாராயமும் ஆதியில் அதில் கலந்திருந்தது. கள்ளுக்கடை மறியல் செய்துவிட்டு வந்த தேசபக்தர் வீட்டுத் தொட்டிலுக்கு அருகிலும் அந்தப் புட்டி இருந்திருக்கும்! பிற்காலத்தில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள். பல்லுக்கு அதனால் பிரயோஜனம் ஏதும் இல்லை.

இனி நம் சொந்தச் சரக்கு. உரைமருந்து என்று வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்றே பெயர் வைத்திருக்கிறோம். சுதேசியம் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும் என்பதில்லை. வசம்பை ஆகாரத்தில் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்கச் சர்க்கார் 1968-லேயே தடுத்துவிட்டார்கள். ஜாதிக்காய் கூடிப்போனால் குழந்தை நன்றாய்த் தூங்குவதுபோல் கிடக்கும். அது தூக்கமல்ல, மயக்கம். எத்தனை இழைப்பு இழைத்தால் எவ்வளவு மருந்து இறங்கும் என்று எந்தக் கல்லும் சொல்லாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர, தண்ணீர்கூட வேண்டியதில்லை என்பதே இன்றைய சிசு வைத்தியர்களின் ஒருமித்த அபிப்பிராயம்.

கிராம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாறாமலைச் சரிவுகளில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தைலம் பெரியவர்களின் பல்வலிக்குக் கைகண்டது. அதை நினைத்துக்கொண்டு குழந்தையின் ஈற்றில் தடவிவிடாதீர்கள். சிறு அளவு உள்ளே போனாலும் ஈரலைக் கெடுக்கும். மருந்துக் கடையில் விற்கும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் அப்படியே. அவற்றைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்கு உபயோகிக்கக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2018-ல் எச்சரித்தது.

ஈற்றின் தினவுக்கு என்ன செய்வது? கையை நன்றாய்ச் சோப்பிட்டுக் கழுவி, விரலால் மெதுவாய்த் தேய்த்துவிடுங்கள். சுத்தமான துணியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள்; கெட்டியான ரப்பர் வளையமும் கொடுக்கலாம். எச்சில் வழிந்து மோவாய் புண்ணாகாமல் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். பல்லுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் இவ்வளவுதான்.

பேதி விஷயம் அப்படியல்ல. அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பேதியில் குழந்தையைக் கொல்லுவது பெரும்பாலும் கிருமியன்று. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியே போய்விடுவது. ஆறு கிலோ எடையுள்ள உடம்பில் இருப்பே எவ்வளவு? நம் வழக்கமோ, வயிறு இளகினால் பாலை நிறுத்து, தண்ணீரைக் குறை, வயிற்றைக் காயப்போடு என்பது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் ஒழுக்கு நிற்கும் என்பது போன்ற யோசனை இது. ஒழுக்கு நிற்கத்தான் செய்யும், குடம் காலியான பிறகு.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து சென்றிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சோடா உப்பு, குளூக்கோஸ் சர்க்கரை மூன்றையும் அளவாய்க் கலந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். டாக்டர்கள் போதாததால் நோயாளிகளின் உறவினரே கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது என்ற உண்மையே அதன் இரகசியம். இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று 1978-ல் இங்கிலாந்தின் "லான்செட்" பத்திரிகை தலையங்கம் எழுதியது. அந்தப் பொட்டலம் இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாய்க் கிடைக்கிறது. மருந்துக் கடையில் சில ரூபாய்.

அதில் எழுதியிருக்கும் அளவுக்குக் குறையாமலும் கூடாமலும், காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் கைவசம் இல்லாத இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாய் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் அதுவே விஷம். ஒவ்வொரு தடவை பேதியானபோதும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கரண்டி கரண்டியாய்ப் புகட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குக் கஞ்சியும் மசித்த பழமும் கொடுக்கலாம். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுப்பார்கள். பேதி நின்றுவிட்டதென்று நடுவில் விடவேண்டாம்.

குழந்தைப் பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்தும் வந்துவிட்டது. டில்லியில் அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுத்த ஒரு சாதுவான வைரஸிலிருந்து இந்தியாவிலேயே தயாரான அந்தச் சொட்டு மருந்து, 2016 முதல் சர்க்கார் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாய்ச் சேர்க்கப்பட்டது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் கொடுக்கிறார்கள். பல் முளைப்பதற்கு வெகு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

கண் குழி விழுதல், அழுதும் கண்ணீர் வராமை, நாக்கு உலர்தல், ஆறு மணி நேரமாய் மூத்திரம் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே சமனாதல், இவை நீர் வற்றியதன் அடையாளங்கள். உச்சிக்குழி பள்ளமாகிவிட்டால் "உச்சி விழுந்துவிட்டது" என்று அதன்மேல் எண்ணெயும் பற்றும் போடுவதுண்டு. உச்சிக்குழி உள்ளே வற்றிய தண்ணீரின் அளவைக் காட்டும் கருவி; கருவிக்கு எண்ணெய் போட்டுப் பயனில்லை. "தொக்கம் எடுக்கிறேன்" என்று தொண்டையிலிருந்து எதையோ ஊதி எடுப்பவரிடமும் தூக்கிப் போகாதீர்கள். கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப்போட வேண்டுமென்று ஆச்சி விரும்பினால் தாராளமாய்ச் செய்யட்டும். ஆனால் அதற்கு முன் பிள்ளையின் வாயில் நாலு கரண்டி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் போய்விட வேண்டும். இரத்தம் கலந்து போனாலும், குடிக்க மறுத்தாலும், துவண்டு போனாலும் சுற்றிப்போடக்கூட நேரமில்லை. 108-க்குச் சொல்லி ஆசாரிப்பள்ளம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரிக்கோ உடனே போக வேண்டும்.

ஜுரத்துக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி கண்டால் பகலென்றும் இரவென்றும் பாராமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். பெரிய குழந்தைக்குப் பாரசிட்டமால், எடைக்குத் தகுந்த அளவில், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி. ஆஸ்பிரின் கூடவே கூடாது. கம்பளியால் மூட வேண்டாம். ஜுர வேகத்தில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியைத் திணிப்பதும் கையில் சாவி கொடுப்பதும் வேண்டாம். நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும்.

தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற பாக்கியம் நம் ஜில்லாவுக்கு உண்டு. ஆகையால் சளிக்கும் இரண்டு பருவம். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை அடியோடு நிறுத்த வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் திரும்பாது. மார்த்தாண்டம் தேன் எவ்வளவு பேர்பெற்றதானாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் தசைகளைச் செயலற்றுப் போகச் செய்யும். இருமல் பாகும் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா ஜில்லாவில், நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான விஷம் கலந்த இருமல் பாகைக் குடித்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாதென்று மத்திய சர்க்கார் அப்போது டாக்டர்களுக்கு நினைவூட்டினார்கள்.

சளி பிடித்த குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாய் ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குப் பிறகு 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அது நிமோனியாவாயிருக்கலாம். இந்த எண்ணிக்கை வேலையைக் குழந்தையின் தகப்பனாரிடம் ஒப்புவித்தால் நல்லது. ஆஸ்பத்திரிப் பீஸ் கட்டுவதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணுகிற கனவான்களுக்கு, இரவு இரண்டு மணிக்குச் செய்யக்கூடிய உபயோகமான காரியம் இது.

கடைசியாக, மாமன்மாரைப் பற்றி. மேற்பல் முதலில் முளைத்தால் அம்மானுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. மருமக்கள் வழியில் சொத்தும் அதிகாரமும் காரணவரான மாமன் கையில் இருந்த நாட்டில் இது லேசான விஷயமா? 1926-ல் திருவிதாங்கூர் சர்க்காரின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மாமனின் அதிகாரத்தைக் குறைத்தது. சட்டசபை செய்த அந்த வேலையைக் குழந்தையின் மேற்பல் செய்ததாகத் தகவல் இல்லை. சில குழந்தைகளுக்கு மேற்பல்தான் முதலில் வரும். அவ்வளவே.

எந்தப் பல் முந்தினாலும், வந்த அன்று முதல் காலையும் இரவும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கப் பழக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வைத்துக் கொழுக்கட்டை செய்து, குழந்தையின் தலைமேல் உதிர்த்துக் கொண்டாடுகிறார்கள். நாமும் செய்யலாம். உதிர்ந்த கொழுக்கட்டையைப் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் சிக்கும். மாமன் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடலாம்.